காகிதம் மாதிரியாமே!

மக்களே, இ-இங்க் டேப்லெட்டைப் பத்திப் பேச்செடுத்தாலே ரெண்டு கட்சிதான். ஒரு கட்சி "ஆஹா, அப்படியே காகிதத்துல எழுதுற மாதிரி இருக்கு" என்று உருகும். இன்னொரு கட்சி "இந்தக் காசுக்கு ஐபேடே வாங்கிடலாமே" என்று கணக்குப் போடும். நான் ரெண்டிலும் சேர்த்தி இல்லை. ஸ்டைலஸ் வச்சு எழுதுற இ-இங்க் பலகை ஒண்ணை மூணு வருஷமா தினமும் உபயோகிக்கிறவன். திரையோடு எனக்குச் சண்டை இல்லை. பேனாவோடும் இல்லை. எழுதி முடிச்சப்புறம் அந்த எழுத்து யாருக்குச் சொந்தம் என்கிற இடத்தில்தான் என் சண்டை.

முதலில் நல்லதைச் சொல்லிடறேன். இல்லாட்டி "எதை எடுத்தாலும் நொட்டை சொல்ற ஆளு"ன்னு முத்திரை குத்திடுவீங்க.

இ-இங்க் என்பது 1997-ல் எம்.ஐ.டி. மீடியா லேபிலிருந்து கிளம்பிய ஆட்கள் தொடங்கிய கம்பெனி. விஷயம் ரொம்ப எளிமை. தலைமுடி தடிமனுக்குக் குட்டிக் குட்டிக் குமிழ்கள். ஒவ்வொரு குமிழுக்குள்ளும் திரவம், அதில் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும், ஒன்றுக்கொன்று எதிரான மின்னேற்றத்தோடு. கீழிருந்து மின்புலத்தை மாற்றினால் வெள்ளை மேலே வரும், இல்லை கறுப்பு மேலே வரும். வந்தது வந்த இடத்திலேயே நிற்கும். நிற்பதற்குக் கரண்ட் வேண்டாம், பக்கம் மாறும்போதுதான் செலவு. வெளிச்சத்தை நம் கண்ணில் அடிக்காமல், விழுகிற வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் மொட்டை மாடி வெயிலில்கூடப் படிக்கலாம். இதை எந்த ஐபேடும் செய்யாது.

பேனாவும் அப்படித்தான். பல கருவிகளில் இருப்பது வாக்கம் கம்பெனியின் ஈ.எம்.ஆர். நுட்பம். பேனாவுக்குள் பேட்டரி கிடையாது. திரைக்கு அடியில் இருக்கிற கம்பி வலை அனுப்பும் காந்தப்புலத்திலிருந்தே அது தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கும். சார்ஜ் போட மறந்துட்டேன் என்கிற பேச்சே இல்லை. சாம்பல் நிறமெல்லாம் சுத்தமாக வரும்படி ஒரு முழுப் பக்கத்தை மாற்ற இந்தத் திரைக்குக் கிட்டத்தட்ட அரை வினாடி ஆகும். ஆனால் எழுதும்போது பேனா போகிற பாதையை மட்டும் அவசர அவசரமாகக் கறுப்பாக்கிக் காட்டுகிற வித்தையைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். 2020-ல் வந்த ரீமார்க்கபிள் 2-ல் பேனா நகர்வதற்கும் கோடு தெரிவதற்கும் இடையில் 21 மில்லி வினாடி என்றார்கள். 2024-ல் வந்த பேப்பர் ப்ரோவில் அது 12. பொறியாளர்களுக்கு ஒரு சலாம். இதில் மாற்றுக் கருத்து இல்லை.

இனி மேட்டருக்கு வருவோம்.

இந்தக் கருவிகளை விற்கிறவர்களும் அவர்களுடைய ரசிகர் மன்றமும் சேர்ந்து ஒரு மந்திரம் வைத்திருக்கிறார்கள். "குறைதான் நிறை". இணையம் இல்லையா? கவனம் சிதறாது. ஆப் இல்லையா? மனசு அமைதியா இருக்கும். அது இல்லையா, இது இல்லையா? அதுதான் சார் இதோட தத்துவமே! கல்யாணப் பந்தியில் பாயசம் தீர்ந்து போச்சுன்னா "சக்கரை உடம்புக்கு ஆகாதுங்க"ன்னு சொல்லிட்டு நகர்கிற சமையல்காரர் மாதிரி.

இந்த மந்திரத்துக்குள்ளே ஒரு தில்லுமுல்லு இருக்கிறது. குறைகளில் ரெண்டு ஜாதி. ஒன்று, பௌதிகம் வைத்த குறை. இன்னொன்று, கம்பெனி வைத்த குறை. ரெண்டையும் ஒரே பொட்டலத்தில் கட்டி "எளிமை" என்று லேபிள் ஒட்டி விற்கிறார்கள். நாம் பொட்டலத்தைப் பிரிச்சுப் பார்ப்போம்.

பௌதிகம் வைத்த குறை:

பக்கம் திருப்பினால் ஒரு மின்னு மின்னும். முந்தைய பக்கத்தின் சாயல் பேய் மாதிரி லேசாகத் தங்கும். வண்ணம் வேண்டுமென்றால் விலை கொடுக்கணும், காசை மட்டும் சொல்லவில்லை. கலைடோ 3 என்பது கறுப்பு வெள்ளைத் திரைமேல் வண்ண வடிகட்டி ஒட்டியது. கறுப்பு வெள்ளையில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் வண்ணத்தில் 150தான், பக்கமும் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். கேலரி 3-ல் வண்ணம் துகளிலேயே இருக்கிறது, ஆனால் நாலு வகைத் துகள்களையும் வரிசைப்படுத்தி நிறுத்த நேரம் பிடிக்கும். ரீமார்க்கபிள் 2-ல் விளக்கு கிடையாது. விளக்குக்கு ஒரு அடுக்கு வைத்தால் பேனா முனைக்கும் கோட்டுக்கும் நடுவே இடைவெளி கூடும். சொரசொரப்பான மேல்பரப்பில் எழுதினால் பிளாஸ்டிக் முனை தேயும், புது முனை வாங்கணும். வாத்தியார் வீட்டில் சாக்பீஸ் தேயாமல் இருக்குமா?

இதுக்கெல்லாம் எனக்குக் கோபமே இல்லை. பௌதிகத்தோடு யார் மல்லுக்கட்டுவது?

கம்பெனி வைத்த குறை:

இந்த வியாதி இன்று நேற்று வந்ததல்ல. இ-இங்க் திரையோடு முதன்முதலில் விற்பனைக்கு வந்த படிப்பான் சோனி லிப்ரியே, 2004-ல் ஜப்பானில். அதில் காசு கொடுத்து இறக்குகிற புத்தகம் 60 நாளில் காலாவதியாகிவிடும். காய்கறியா சார் அது? 2009 ஜூலையில் அமேசான், விற்ற புத்தகங்களை வாசகர்களின் கிண்டிலுக்குள் புகுந்து அழித்தது. அழித்தது எதை? ஜார்ஜ் ஆர்வெல்லின் 1984-ஐ! காசைத் திருப்பிக் கொடுத்து, பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். 2025 பிப்ரவரியில், வாங்கின புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி யு.எஸ்.பி. வழியாக ஏற்றுகிற வசதியையும் எடுத்துவிட்டார்கள்.

"அதெல்லாம் புத்தகம்ப்பா, அவங்க விக்கிற சரக்கு. நீ எழுதறது உன்னோடதுதானே?" என்று கேட்பீர்கள். அங்கேதான் வர்றேன். ஸ்டைலஸ் வந்தப்புறம் உள்ளே போகிற சரக்கு நம்முடையது. ஆனா பூட்டு மட்டும் பழைய பூட்டு.

2021 அக்டோபரில் ரீமார்க்கபிள் என்ன செய்தது? பலகையை விற்றதோடு விடாமல் மாசச் சந்தா கொண்டு வந்தது. புதுசாக வாங்குகிறவர்களுக்குக் கையெழுத்தை அச்செழுத்தாக்குவது, கூகிள் டிரைவோடு இணைப்பது எல்லாம் மாசம் 7.99 டாலர் சந்தாவுக்குள்ளே போச்சு. ஊரே கூச்சல் போட்டது. 2022-ல் சந்தாவை 2.99 டாலராக இறக்கி, பிடுங்கின வசதிகளில் பலவற்றை எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்தார்கள். நல்லதுதான். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிங்க. நடுவில் அந்தப் பலகையின் திரையில் ஒரு துகள்கூட மாறவில்லை. அது பௌதிகக் குறையாக இருந்தால் கூச்சல் போட்டவுடன் எப்படிச் சரியாகும்?

பேனாவைப் பாருங்க. ஈ.எம்.ஆர். பேனாவின் அழகே, ஒரு கம்பெனி பேனா இன்னொரு கம்பெனி பலகையிலும் எழுதும் என்பதுதான். லாமி, ஸ்டெட்லர் மாதிரி நிஜப் பேனா பென்சில் கம்பெனிகள்கூட ஈ.எம்.ஆர். பேனா விற்கிறார்கள். இந்த மொத்தக் கூட்டத்தில் கொஞ்சம் சுதந்திரமாக இருந்த உறுப்பு அது ஒன்றுதான். பேப்பர் ப்ரோவில் அதுவும் போச்சு. அதற்கென்றே தனிப் பேனா, அதைச் சார்ஜும் பண்ணணும், பழைய ஈ.எம்.ஆர். பேனா அதில் எழுதாது. வேகம் கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. கூடவே கதவும் ஒன்று சாத்தியிருக்கிறது.

சில இடத்தில் ரெண்டு குறையும் கலந்து கிடக்கும், அதையும் நியாயமாகச் சொல்லிடணும். 2022 நவம்பர் கடைசியில் வந்த கிண்டில் ஸ்க்ரைபில், கடையில் வாங்கிய புத்தகத்தின் பக்கத்தில் நேரடியாக எழுத முடியாது. ஒட்டுச்சீட்டு மாதிரி ஒரு பெட்டி திறக்கும், அதுக்குள்ளே எழுதணும். எழுத்தின் அளவை மாற்றினால் வரிகள் இடம் மாறும், அப்போ நீங்க போட்ட அடிக்கோடு எங்கே போய் நிற்கும் என்பது உண்மையான சிக்கல்தான். 2024-ல் வந்த அடுத்த மாடலில் பக்கத்துக்கு நடுவிலேயே இடம் ஒதுக்கி எழுத வழி செய்தார்கள். அதை மன்னிச்சு விட்டுடலாம்.

மன்னிக்க முடியாதது கோப்பு வடிவம்.

இங்கே இருக்கிற பழைய ஆட்களுக்கு நான் ஒன்றை ஞாபகப்படுத்தணும். டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியாக்கத்தில் தமிழ் எழுதின காலம் மறந்து போச்சா? ஒவ்வொரு பத்திரிகைத் தளத்துக்கும் ஒரு எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் ஜிலேபி பிழிஞ்ச மாதிரி என்னென்னவோ தெரியும். பொங்குதமிழ் மாதிரி மாற்றிகளில் ஒட்டி ஒட்டி எத்தனை ராத்திரி ஒருங்குறிக்கு மாத்தியிருப்போம்! தமிழ்நாடு அரசே 2010-ல்தான் ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. அதற்குள் எத்தனை நல்ல எழுத்து, திறக்க ஆளில்லாத கோப்பாகச் செத்துப் போச்சு. எழுதினவனும் இருந்தான், எழுத்தும் இருந்தது, இடையில் இருந்த சாவி மட்டும் இல்லை.

கையெழுத்து விஷயத்தில் இப்போ நாம் அதே 1999-ல் நிற்கிறோம். பேனா போன பாதை, அழுத்தம், சாய்வு, எந்தக் கோடு முதலில், எது அப்புறம் என்பதையெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தன் சொந்த வடிவத்தில்தான் சேமிக்கிறது. ரீமார்க்கபிளின் கோப்பை வெளியே திறக்கிற கருவிகள் சில இருக்கின்றன. அவை பெரும்பாலும் ஆர்வலர்கள் உட்கார்ந்து பைட் பைட்டாகப் பிரித்து ஆராய்ந்து செய்தவை. இதற்கு ஒரு பொதுத் தரமே இல்லையா என்று கேட்டால், இருக்கு சாமி! இன்க்எம்எல் என்று பெயர். 2011 செப்டம்பரிலேயே உலகளாவிய வலைச் சங்கமான டபிள்யூ3சி அதை அதிகாரபூர்வமான பரிந்துரையாக வெளியிட்டது. நான் பார்த்த விளம்பரம் ஒன்றிலாவது அந்தப் பெயரைக் கண்டதில்லை. எத்தனை மெல்லிசு, எத்தனை கிராம் என்று மட்டும் பெரிய எழுத்தில் போடுவார்கள்.

"பி.டி.எஃப். ஆக எடுத்துக்கலாமே, அப்புறம் என்ன?" இது அடுத்த ஜல்லி. பி.டி.எஃப். என்பது வத்தல் மாதிரி. குழம்புக்கு ஆகும், விதைக்கு ஆகாது. அதைப் பார்க்கலாம், அச்செடுக்கலாம். இன்னொரு கம்பெனி பலகையில் போட்டு அந்த வரியை அழிச்சு, நகர்த்தி, தொடர்ந்து எழுத முடியுமா? முடியாது. வீட்டை விற்றுவிட்டு வீட்டு போட்டோவை வைச்சுக்கோ என்கிற கதை.

"கம்பெனி நல்லாத்தானே ஓடுது?" அதையும் பார்த்தாச்சு. பிலிப்ஸிலிருந்து பிரிந்து வந்த ஐரெக்ஸ் என்கிற நெதர்லாந்து கம்பெனி, 2006-லேயே ஸ்டைலஸோடு இ-இங்க் பலகை கொண்டு வந்தது. பெயர் இலியட். வாக்கம் பேனாவேதான். இன்றைக்குப் புரட்சி என்று விற்கிறார்களே, அதன் பாட்டனார். 2010-ல் கம்பெனி திவால். ஓலைச்சுவடியைக் கரையான் தின்றிருக்கிறது, ஆத்து வெள்ளத்தில் விட்டிருக்கிறார்கள், அடுப்பில்கூடப் போட்டிருக்கிறார்கள். ஆனா ஓலை சீவின ஆசாரி கடையை மூடிட்டார் என்பதற்காக உ.வே.சா.வால் ஒரு சுவடியைப் படிக்க முடியாமல் போனதில்லை.

இப்போ நம்ம வீட்டு வயித்தெரிச்சலுக்கு வர்றேன். தமிழ்.

வெறும் நோட்டை விட்டுவிட்டு இத்தனை ஆயிரம் கொடுத்து இதை வாங்க நியாயமான காரணம் என்ன? எழுதினதைத் தேடலாம். 40 பக்க நோட்டில் அது முடியாது. எங்க அத்தை சொன்ன ஊர்க்கதைகளை, கண்மாய், மடை, குலசாமி என்று அவர் பேசப் பேச இந்தப் பலகையில்தான் எழுதி வச்சிருக்கேன். நானூறு பக்கத்துக்கு மேல் இருக்கும். அத்தை இப்போ இல்லை. "மடை" எங்கெல்லாம் வருகிறது என்று தேடினால் என் கருவி சொல்லும் பதில், முடிவுகள் ஏதுமில்லை. மொழிப் பட்டியலைத் திறந்தால் ஐஸ்லாந்திக் இருக்கிறது. நாலு லட்சம் பேர்கூடப் பேசாத மொழி. இருக்கட்டும், சந்தோஷம், அவர்கள் மொழி வாழட்டும். 2011 கணக்கெடுப்புப்படி இந்தியாவில் மட்டும் 6.9 கோடி பேருக்குத் தாய்மொழியான தமிழ் அதில் இல்லை.

உடனே சில மேதாவிகள் "தமிழ் எழுத்து சிக்கலானதுங்க, மெஷினுக்குப் புரியறது கஷ்டம்" என்று வருவார்கள். சிக்கல் உண்டு. "கொ" என்று எழுதும்போது நாம் முதலில் கொம்பு, அப்புறம் ககரம், அப்புறம் கால் போடுகிறோம். ஒருங்குறியில் ககரம் முதலில், உயிர்க்குறி பின்னால். மெஷின் இதை இடம் மாற்றிப் புரிஞ்சுக்கணும். ஒரு புள்ளி விட்டுப் போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும். அதனால் முடியாது என்றா சொல்கிறீர்கள்?

கேளுங்க. 2006-லேயே எச்.பி. கம்பெனியின் இந்திய ஆய்வகம் தமிழ்க் கையெழுத்துத் தரவுகளை வெளியிட்டது. அந்த வருஷம் நடந்த சர்வதேசக் கையெழுத்து ஆய்வுப் பட்டறையை ஒட்டித் தமிழ் எழுத்தறிதலுக்கென்றே ஒரு போட்டி நடந்தது. 247 எழுத்தும் கிரந்தமும் சேர்த்தாலும் 156 வடிவங்களைக் கண்டுபிடித்தால் போதும் என்று வகுத்துக் கொடுத்தார்கள். 2015-ல் கூகிள் கையெழுத்து உள்ளீட்டுச் செயலியை 82 மொழிகளில் வெளியிட்டது, அதில் தமிழும் ஒன்று. சாதாரண ஆண்ட்ராய்டு போனில், விரலால் கிறுக்கினாலே "அம்மா" என்று வருகிறது. பல மடங்கு துல்லியமான பேனாவை வைச்சுக்கிட்டு, போனைவிட விலை கூடின பலகை ஒன்று கையை விரிக்கிறது என்றால் அது நுட்பத்தின் குறையா? இல்லை. "உங்க ஊர்ச் சந்தை எங்களுக்குத் தேவையில்லை" என்பதன் நாசூக்கான மொழிபெயர்ப்பு.

சரி, எல்லாரையும் ஒரே தராசில் போட்டு மொத்துவது தர்மம் இல்லை. சூப்பர்நோட் நோமட் மாதிரி பேட்டரியை நாமே மாற்றும்படி, மெமரி கார்டு போடும்படி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ரீமார்க்கபிளிலும் எஸ்.எஸ்.எச். வழியாக உள்ளே போய்ப் பார்க்க வழி விட்டிருக்கிறார்கள், அதைப் பாராட்டணும். ஆண்ட்ராய்டில் ஓடுகிற பூக்ஸ் பலகைகளில் நமக்கு வேண்டிய செயலியைப் போட்டுக்கலாம், தமிழ் கையெழுத்து விசைப்பலகை உட்பட. ஆனா அந்தக் கம்பெனி மேலேயே, லினக்ஸ் கெர்னலை எடுத்துப் பயன்படுத்திவிட்டு உரிமப்படி மூல நிரலைத் தரவில்லை என்று பல வருஷமாகக் குற்றச்சாட்டு. ஒரு கதவு திறந்தா இன்னொரு ஜன்னல் சாத்திக்கிது!

கவனம் சிதறாது என்கிற வாதத்தையும் நான் தள்ளிவிடவில்லை. உண்மைதான். என் பலகையில் வாட்ஸப் சத்தம் இல்லை, ஆபீஸ் ஆணிகளும் வந்து குத்துவதில்லை. ஆனா கவனமாக எழுதணும்னு அறைக்கதவை நான் உள்ளே இருந்து தாழ் போட்டுக்கறது வேற. வெளியே இருந்து ஒருத்தன் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கிட்டு, "நீங்க நிம்மதியா எழுதுங்க" என்று சொல்வது வேற. ரெண்டிலும் அமைதி ஒரே மாதிரிதான் இருக்கும், தீப்பிடிக்கிற வரைக்கும்.

ஆகவே மகாஜனங்களே, "எழுதினா எப்படி இருக்கு" என்று கேட்பதை நிறுத்துங்க. அந்தக் கேள்விக்கு இப்போ எல்லாக் கம்பெனியும் பாஸ். கேட்க வேண்டியது இதைத்தான்:

1. பி.டி.எஃப். தவிர்த்து, கோடுகளாகவே என் எழுத்தை வெளியே எடுக்க முடியுமா? எந்த வடிவத்தில்?

2. கணக்கு தொடங்காமல், இணையமே இல்லாமல், ஒரு கேபிளில் என் மொத்த நோட்டையும் கம்ப்யூட்டருக்கு மாற்ற முடியுமா?

3. சந்தா கட்டாவிட்டால் இன்று இருக்கிற எந்த வசதி நாளைக்குப் போகும்?

4. பேனா தொலைந்தால் வேறு கம்பெனி பேனா எழுதுமா? பேட்டரி செத்தால் மாற்ற முடியுமா?

5. கையெழுத்துத் தேடலில் தமிழ் உண்டா? இல்லையென்றால், ஏன் இல்லை?

அஞ்சாவதைக் கடைக்காரரிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை, கம்பெனிக்கே எழுதுங்க. ஒருத்தன் எழுதினால் குப்பைக்குப் போகும். நூறு பேர் எழுதினால் கணக்கில் சேரும். 2022-ல் சந்தாவை இறக்க வைத்ததும் ஊர்க் கூச்சல்தான்.

இந்தக் கேள்விகளுக்கு நேரான பதில் வந்தால் தாராளமாக வாங்குங்க, நானே சிபாரிசு பண்றேன். வராவிட்டால் அது எவ்வளவு வழுக்கினாலும், சொரசொரத்தாலும், காகிதம் கிடையாது. காகிதத்தில் எழுதினால் எழுதின நிமிஷத்திலிருந்து அது நம்முது. யாரும் சந்தா கேட்க மாட்டான், யாரும் மொழிப் பட்டியல் பார்க்க மாட்டான். அந்த ஒரே ஒரு குணத்தை விட்டுவிட்டு மீதி எல்லாவற்றையும் காப்பியடிச்சிட்டு "காகிதம் மாதிரி" என்றால், ஙே என்று முழிக்க நாம் என்ன இளிச்சவாயர்களா?

டிஸ்கி 1: நான் வச்சிருக்கிற கருவியின் பெயரைக் கேட்டுப் பின்னூட்டம் போடாதீங்க, சொல்ல மாட்டேன். இது ஒரு கம்பெனியோட வியாதி இல்லை.

டிஸ்கி 2: "நீ இந்தப் பதிவை அதுலயா எழுதினே?" என்று கேட்கப் போகும் அன்பர்களுக்கு: ஆமாம். அச்செழுத்தாக மாற்ற வழியில்லாததால் மறுபடி முதலிலிருந்து தட்டச்சினேன். அதனால்தான் இவ்வளவு காரம்.